வீட்டில் இரத்தச் சர்க்கரை பார்த்தல்: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதியை முன்வைத்து ஒரு செலவு வரலாறு

வீட்டில் இரத்தச் சர்க்கரை பார்த்தல் என்பது, நீரிழிவு உள்ள ஒருவர் ஆய்வகத்துக்குச் செல்லாமல், தம் விரல் நுனியில் ஊசியால் குத்தி எடுத்த சிறு துளி இரத்தத்தைச் சோதனைப் பட்டையில் வைத்து, குளுக்கோமீட்டர் என்னும் கருவியால் அளந்தறிவதாகும். பட்டையை மக்கள் 'ஸ்ட்ரிப்' என்றும் கருவியை 'சுகர் மிஷின்' என்றும் சொல்கின்றனர். ஐந்து நொடியில் எண் தெரிந்துவிடும் இந்த முறை உருவாக ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின. அந்த எண்பது ஆண்டுகளில் கருவியின் விலை படிப்படியாக இறங்கியது. ஆனால் நோயாளியின் மாதச் செலவு அதே அளவில் இறங்கவில்லை. அது ஏன் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

திருவள்ளூர் மாவட்டம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து 1997 இல் பிரிக்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 37 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், ஆந்திர எல்லையை ஒட்டி, சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி அமைந்துள்ளது. அங்குள்ள சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்காலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் பலவகைத் தொழிற்கூடங்களும் இயங்குகின்றன. நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், வட மாநிலத்திலிருந்து வந்தோர், அருகிலுள்ள இலங்கைத் தமிழர் முகாமில் வாழ்வோர் எனப் பலதரப்பட்டவர்கள் இவற்றில் உழைக்கின்றனர். முறை மாறி வரும் இரவு வேலை, நேரம் தவறிய உணவு, உலை வெப்பம் ஆகிய மூன்றும் நீரிழிவு உள்ளவருக்குத் தொல்லை தருபவை. சர்க்கரை பார்க்கும் வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டிய மக்கள் இவர்கள்.

சிறுநீரிலிருந்து தொடக்கம்

நீரிழிவு என்ற தமிழ்ச் சொல்லே நோயின் வெளி அடையாளத்திலிருந்து வந்தது. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பழைய இந்திய மருத்துவ நூல்கள் மதுமேகத்தின் குறியாகக் கூறின. சித்த மருத்துவத்தில் சிறுநீரின் நிறம், மணம், நுரை ஆகியவற்றைப் பார்க்கும் நீர்க்குறியும், அதில் எண்ணெய்த் துளி பரவும் விதத்தைப் பார்க்கும் நெய்க்குறியும் நோய் அறியும் வழிகளாயின. ஐரோப்பாவில் தாமஸ் வில்லிஸ் 17 ஆம் நூற்றாண்டில் நீரிழிவு நோயாளியின் சிறுநீர் இனிப்பதைப் பதிவு செய்தார். அந்த இனிப்பு சர்க்கரையே என்று 1776 இல் மேத்யூ டாப்சன் காட்டினார். இவை எதற்கும் காசு செலவில்லை. ஆனால் எவ்வளவு சர்க்கரை என்ற கேள்விக்கு இவற்றில் விடை இல்லை.

அமெரிக்க வேதியியலர் ஸ்டான்லி ராசிட்டர் பெனடிக்ட் 1908 இல் வெளியிட்ட கரைசல்தான் அளவை நோக்கிய முதல் வீட்டு முறை எனலாம். காப்பர் சல்பேட், சோடியம் கார்பனேட், சோடியம் சிட்ரேட் ஆகிய மூன்றும் கலந்த நீல நிறக் கரைசல் அது. சோதனைக் குழாயில் 5 மில்லி கரைசலை எடுத்து, எட்டுத் துளி சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரை இல்லையெனில் நீலமாகவே இருக்கும். சர்க்கரை கூடக்கூடப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று நிறம் மாறும். மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் செய்முறை வகுப்பில் இருந்தவர்கள் இந்நிற மாற்றத்தை மறந்திருக்க மாட்டார்கள். அதே சோதனையைத்தான் ஒரு காலத்தில் நம் ஊர்க் குடும்பங்கள் அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் ஸ்பிரிட் விளக்கை வைத்துச் செய்தன. மருத்துவரிடம் 'இரண்டு பச்சை, ஒரு மஞ்சள்' என்று நிறத்தைச் சொல்லி மருந்தளவு கேட்ட தலைமுறை அது.

மலிவு என்பது இம்முறையின் பெருமை. குறையோ பெரிது. இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் சிறுநீரகம் அதை வெளியே விடுகிறது. ஆகவே 170 இருப்பவருக்கும் 90 இருப்பவருக்கும் நிறம் ஒன்றே. 50 க்கு இறங்கி மயக்கத்தின் விளிம்பில் நிற்பவருக்கும் நீலமே தெரியும். மேலும் சிறுநீர் சொல்வது கடந்த சில மணி நேரத்துக் கதை, இந்த நிமிடத்தின் நிலை அல்ல.

இரத்தச் சர்க்கரையை அளக்க வேண்டுமானால் நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் ஃபோலின்–வூ போன்ற முறைகளில் சோதித்தாக வேண்டும். அதற்குப் பட்டணம் போக வேண்டியிருந்தது.

ஸ்டான்லியும் இராயபுரமும்

வடசென்னைக்கு வடக்கே உள்ள ஊர்களுக்குப் பெரிய அரசு மருத்துவமனை என்றால் ஸ்டான்லிதான். அங்கு 1948 இல் மருத்துவர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இத்தகைய பிரிவுகளில் முதலாவதாக அது குறிப்பிடப்படுகிறது. 1954 இல் அவரே இராயபுரத்தில் நீரிழிவுக்கான மருத்துவமனையையும் நிறுவினார். 1856 இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டுத் திருவள்ளூர் வழியாகத்தான் வாலாஜா சாலை சென்றது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி மக்களுக்கு வேறொரு பாதை. மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் வழியாக வரும் இரயில். எந்தப் பாதையில் வந்தாலும் நோயாளிகள் சேருமிடம் வடசென்னையாகவே இருந்தது.

இங்கே செலவு என்ற சொல்லைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் சோதனைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வெறும் வயிற்றில் ஒருமுறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுமுறை என இருமுறை இரத்தம் கொடுக்க வேண்டும். விடியற்காலை இரயிலேறி, வரிசையில் நின்று, இரத்தம் கொடுத்து, வெளியே இட்லி சாப்பிட்டு, காத்திருந்து, மீண்டும் கொடுத்துத் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நாட்கூலிக்காரருக்கு அந்த இலவசச் சோதனையின் விலை ஒரு நாள் கூலி. முடிவு வாங்க இன்னொரு நாள் என்றால் இரண்டு நாள் கூலி. ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது கால் புண் ஆறாதபோது மட்டும் சர்க்கரை பார்க்கும் பழக்கம் ஏன் வேரூன்றியது என்பதை இந்தக் கணக்கு விளக்கிவிடும். நோயாளியின் அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிடுவது எளிது, நியாயம் அல்ல.

பட்டையும் கருவியும்

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து எல்க்கார்ட் நகரின் மைல்ஸ் ஆய்வகமும் அதன் ஏம்ஸ் பிரிவும் சோதனையைக் குழாயிலிருந்து காகிதத்துக்கு மாற்றின. 1941 இல் கொதிக்க வைக்கத் தேவையில்லாத கிளினிடெஸ்ட் மாத்திரை வந்தது. 1956 இல் ஆல்ஃபிரட் ஃப்ரீ, ஹெலன் ஃப்ரீ தம்பதியர் உருவாக்கிய, சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் கிளினிஸ்டிக்ஸ் வந்தது. 1960 களின் நடுவில் இரத்தத்துக்கான டெக்ஸ்ட்ராஸ்டிக்ஸ் வந்தது. பெரிய துளி இரத்தத்தைப் பட்டையில் விட்டு, சரியாக ஒரு நிமிடம் பொறுத்து, நீரால் கழுவி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். நிறத்தைக் கண்ணால் ஒப்பிடுவதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வந்ததால், ஆன்டன் கிளெமென்ஸ் ஒளியைப் பிரதிபலிக்க வைத்து அளக்கும் கருவியை வடிவமைத்தார். ஏறத்தாழ 1970 இல் விற்பனைக்கு வந்த அக்கருவி ஒரு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. விலை பல நூறு டாலர். அப்போது டாலருக்கு ஏழரை ரூபாய் என்பதால், நம் பணத்தில் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அன்றைய பள்ளி ஆசிரியருக்கு அது பல மாதச் சம்பளம்.

அக்கருவி மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கப்பட்டது. முதல் வகை நீரிழிவு உள்ள பொறியாளர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன், மருத்துவரான தம் மனைவியின் பெயரில் ஒன்றை வாங்கி, ஒரு நாளில் பலமுறை தம்மைத் தாமே சோதித்துக்கொண்டார். அவர் எழுதிய கட்டுரையை மருத்துவ இதழ்கள் ஏற்காததால், நாற்பத்தைந்து வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரே ஆனார். நோயாளி வீட்டில் தானே பார்ப்பது சாத்தியம், பயனுள்ளது என்ற ஆய்வறிக்கைகள் லண்டனிலிருந்தும் நாட்டிங்காமிலிருந்தும் 1978 இல் லான்செட் இதழில் வெளியான பிறகே மருத்துவ உலகின் எண்ணம் மாறத் தொடங்கியது.

கண்ணால் நிறம் பார்க்கும் பட்டைகள் 1980 களிலும் புழங்கின. அவற்றைக் கத்தரியால் நெடுக்குவாக்கில் இரண்டாக, சிலர் மூன்றாகக்கூட வெட்டி ஒன்றைப் பலவாக்கிப் பயன்படுத்தினர். மேலை நாடுகளிலும் இது நடந்தது. ஏழை நோயாளி கண்டுபிடித்த இச்சிக்கனத்துக்கு அடுத்த தொழில்நுட்பம் முடிவு கட்டியது. லேலண்ட் கிளார்க் 1962 இல் முன்வைத்த நொதி மின்முனைக் கருத்தின் வழியில், ஆக்ஸ்போர்டு, கிரான்ஃபீல்டு ஆய்வாளர்களின் பணியால் 1987 இல் பேனா அளவிலான எக்சாக்டெக் கருவி வந்தது. பட்டையில் பூசிய நொதி குளுக்கோசோடு வினைபுரியும்போது தோன்றும் சிறு மின்னோட்டத்தை அது அளந்தது. இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் கருவிகள் பெரும்பாலும் இவ்வழியில் இயங்குபவையே. துளி மிகச் சிறியதாயிற்று, கழுவுதல் இல்லை, ஐந்து நொடியில் முடிவு. ஆனால் மின்முனை பதித்த பட்டையை வெட்ட முடியாது. ஒரு பட்டைக்கு ஒரே ஒரு சோதனை.

விலை எங்கே ஒளிந்தது

இதன் பிறகு நடந்ததைச் சவர பிளேடு வியாபாரம் என்று சொன்னால் எளிதில் புரியும். கைப்பிடியை மலிவாகக் கொடு, பிளேடை ஆயுள் முழுவதும் விற்றுக்கொள். கருவி சில நூறு ரூபாய்க்கு இறங்கியது. முகாம்களில் இலவசமாகவும் தந்தார்கள். ஒரு நிறுவனத்தின் கருவியில் இன்னொரு நிறுவனத்தின் பட்டை வேலை செய்யாது. கருவியை வாங்கியவர் அந்தப் பட்டைக்குக் கட்டுப்பட்டவர் ஆனார். பல வீடுகளின் அலமாரியில் பட்டை தீர்ந்துபோன கருவி ஒன்று உறங்குவதற்குக் காரணம் இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பட்டை 20 ரூபாய் என்று கொள்வோம். கடையில் இதைவிட மலிவானதும் உண்டு, விலை கூடியதும் உண்டு. இன்சுலின் போடுபவர் நாளுக்கு இருமுறை பார்த்தால் மாதம் 60 பட்டை, 1,200 ரூபாய். மாதம் 12,000 ரூபாய் கைக்கு வரும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது பத்தில் ஒரு பங்கு. குத்தும் லான்செட் ஊசியின் விலை தனி. அரசு மருத்துவமனையில் மாத்திரையும் இன்சுலினும் இலவசமாகக் கிடைத்தாலும், வீட்டில் சோதிக்கப் பட்டை கொடுத்தனுப்புவது பொதுவாக வழக்கத்தில் இல்லை. மருந்து இலவசம், அம்மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பது காசுக்கு என்பது முரண்தான்.

விலையைக் குறைக்கும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் பிட்ஸ் பிலானியின் ஐதராபாத் வளாகமும் மும்பை ஐ.ஐ.டி.யும் சார்ந்த குழுக்கள் உருவாக்கிய இரு உள்நாட்டுக் கருவிகள் 2014 ஜனவரியில் அறிமுகமாயின. பட்டை ஒன்று இரண்டு முதல் நான்கு ரூபாய்க்குள் கிடைக்கும் என்று அப்போது அறிவித்தார்கள். அந்த விலை கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவின் பொது விலையாக மாறவில்லை. 2021 ஜூலையில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் குளுக்கோமீட்டர் உள்ளிட்ட ஐந்து கருவிகளின் வணிக இலாபத்துக்கு 70 விழுக்காடு உச்சவரம்பு விதித்தது. நல்ல நடவடிக்கைதான். ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாங்கும் கருவியில் இருநூறு ரூபாய் குறைவதால் மாதந்தோறும் வாங்கும் பட்டையின் சுமை குறைவதில்லை.

எத்தனை முறை பார்க்க வேண்டும்?

செலவைப் பற்றிய பேச்சில் இக்கேள்வி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. உணவு, உடற்பயிற்சி, மாத்திரை ஆகியவற்றால் மட்டும் நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கும் இரண்டாம் வகை நோயாளிக்கு நாள்தோறும் குத்திப் பார்ப்பது எவ்வளவு உதவும்? இங்கிலாந்தில் இன்சுலின் போடாத 453 பேரிடம் நடந்து 2007 இல் வெளியான டைஜெம் ஆய்வில், வீட்டில் சோதித்தவர்களுக்கும் சோதிக்காதவர்களுக்கும் மூன்று மாதச் சராசரியில் (எச்.பி.ஏ.1சி) குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் 450 பேரிடம் நடந்து 2017 இல் வெளியான ஆய்வும் ஓராண்டு முடிவில் அதையே கண்டது. 2012 இன் காக்ரேன் தொகுப்பாய்வில் ஆறு மாதத்தில் சிறு நன்மை தெரிந்து, ஓராண்டில் அது கரைந்துபோயிருந்தது.

இதைப் படித்துவிட்டுப் பட்டை வேண்டாம் என்று முடிவு செய்வது தவறு. எண்ணைப் பார்த்துவிட்டு எதையும் மாற்றாதவருக்குச் சோதனை வெறும் செலவு என்பதே இந்த ஆய்வுகளின் சாரம். எண்ணை வைத்து ஏதேனும் முடிவு எடுப்பவருக்கு நிலைமை வேறு. ஒரு வாரம் காலைச் சிற்றுண்டிக்கு முன்னும் பின்னும், அடுத்த வாரம் மதியச் சோற்றுக்கு முன்னும் பின்னும், அதற்கடுத்த வாரம் இரவுச் சாப்பாட்டுக்கு என்று இணை இணையாகப் பார்த்தால், எந்த வேளை சர்க்கரையை ஏற்றுகிறது என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். வாரம் இரண்டு பட்டை, மாதம் எட்டு, 160 ரூபாய். கூடவே மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.பி.ஏ.1சி. சிவப்பணுவில் குளுக்கோஸ் ஒட்டிக்கொள்வதை அளக்கும் இச்சோதனைக்கு அடித்தளமிட்டவர் ஈரானிய ஆய்வாளர் சாமுவேல் ரஹ்பர், ஆண்டு 1968. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரையுள்ள, தொழிலாளர் அரசு காப்பீட்டில் (ஈ.எஸ்.ஐ.) பதிவான தொழிலாளி அத்திட்டத்தின் மருந்தகங்கள், மருத்துவமனைகள் வழியாகச் சிகிச்சையும் சோதனையும் பெற உரிமையுடையவர். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இது பொருந்தும். பலர் தம் அட்டை எண்ணைக்கூட அறியாமல் தனியார் ஆய்வகத்துக்குக் காசு கட்டுகின்றனர்.

பட்டையில் சிக்கனம் பார்க்கக் கூடாதவர்களும் உண்டு. இன்சுலின் போடுபவர், கருவுற்ற பெண், காய்ச்சலோ வாந்தியோ கண்டவர் ஆகியோர் மருத்துவர் சொன்ன எண்ணிக்கையில் பார்த்தாக வேண்டும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்போரும் கவனமாக இருக்க வேண்டும். அவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை, உணவு வந்ததா இல்லையா என்று பார்க்காதவை. இரவு முறைக்குப் போகும் அவசரத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால், உலையருகே வியர்ப்பதும் கை நடுங்குவதும் வெப்பத்தாலா, சர்க்கரை இறங்கியதாலா என்று பிரித்தறிய முடியாது. 70 மில்லிகிராமுக்குக் கீழ் என்று காட்டும் ஒரு பட்டை அந்த நேரத்தில் உயிர்காக்கும். பையில் இரண்டு பட்டையும் சிறிது சர்க்கரையும் வைத்திருப்பது நல்லது. கருவி கையில் இல்லையென்றால் காத்திராமல் சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

வெப்பம் பட்டைக்கும் பகை. நொதி ஒரு புரதம் என்பதால் சூட்டிலும் ஈரத்திலும் கெடும். பெரும்பாலான பட்டைகளை 30 பாகை செல்சியசுக்குக் கீழே வைக்கச் சொல்லி டப்பாவில் அச்சிட்டிருப்பார்கள். மே மாதத்தில் தகரக் கூரை வீட்டில் அது எப்படி முடியும்? மண்பானைக்கு அருகில் நிழலில், டப்பாவை இறுக மூடி வைக்கலாம். குளிர்பதனப் பெட்டியில் வைத்து வைத்து எடுத்தால் ஈரம் கோத்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று காலாவதிக்கு நெருங்கிய பட்டைகளை மொத்தமாக வாங்குவது பொய்யான எண்ணுக்குக் காசு கொடுப்பதாகும். நல்ல பட்டையிலும் சிறு வேறுபாடு இருக்கும். 2013 ஆம் ஆண்டுப் பன்னாட்டுத் தர அளவுகோல், 100 மில்லிகிராமுக்கு மேல் 15 விழுக்காடு வரை கூடக் குறைய வருவதை ஏற்கிறது. 160 என்று காட்டியதை மறுபடி குத்தி 150 என்று பார்த்து மகிழ்வது ஒரு பட்டையை வீணடிப்பதுதான்.

அரசு வீட்டு வாசலுக்கு வந்தது

சென்னை நகரில் 8.2 விழுக்காடு, கிராமப்புறத்தில் 2.4 விழுக்காடு என்று மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 1992 இல் வெளியிட்டபோது நீரிழிவு நகரத்து நோயாகத் தோன்றியது. பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் ஆய்வில் தமிழ்நாட்டின் அளவு 10 விழுக்காட்டைத் தாண்டியது. அதே ஆய்வின் 2023 அறிக்கை நாடு முழுவதும் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உள்ளவர் என்று மதிப்பிட்டது. இடைப்பட்ட காலத்தில்தான் நெல் வயலும் சவுக்குத் தோப்புமாக இருந்த ஊர்கள் ஆலை ஊர்கள் ஆயின.

2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கின்றனர். ஸ்டான்லிக்குப் போய்வந்த ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்திய திட்டம் என்ற வகையில் இது வரலாற்றில் இடம்பெறத் தக்கது. 2024 இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. ஆயினும் தன்னார்வலர் பகலில் வரும்போது ஆலைத் தொழிலாளி வீட்டில் இருப்பதில்லை, இரவு முறை முடித்தவரோ உறக்கத்தில் இருப்பார். இக்குறையைக் கருதியே தொழிற்கூடத்திலேயே சோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024 இல் வந்தது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியால் மாவட்டத்துக்குள்ளேயே உயர்சிகிச்சைக்கு வழி பிறந்தது. ஆனால் இவை எல்லாவற்றிலும் பட்டை பணியாளரின் கையில் இருக்கிறது. மாதத்தில் ஒருமுறை அவர் பார்ப்பது மருந்து தொடர்வதற்குப் போதும். இன்சுலின் போடுபவரின் மற்ற 29 நாட்கள் அவரவர் பணப்பையைச் சார்ந்தவை.

கையில் ஒட்டிக்கொண்டு 14 நாள் தொடர்ந்து அளக்கும் உணரிகள் 2015 முதல் இந்தியாவில் கிடைக்கின்றன. ஒன்றின் விலை சில ஆயிரம் ரூபாய் என்பதால் இப்பகுதித் தொழிலாளிக்கு இப்போதைக்கு அது செய்தி மட்டுமே.

2025 செப்டம்பர் 22 முதல் குளுக்கோமீட்டருக்கும் சோதனைப் பட்டைக்குமான சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரியோடு 20 ரூபாயாக இருந்த பட்டை, குறைப்பு முழுவதும் வாங்குபவருக்கு வந்து சேர்ந்தால், 18 ரூபாய் 75 காசு ஆகும். மாதம் 60 பட்டை வாங்குபவருக்கு மிச்சம் 75 ரூபாய். புதிய விலையில் சரியாக நான்கு பட்டை.